சென்றாயனின் வலது கை

பொன்னாயியோடு ஒரு தடவை காட்டுப் பாதையில் நடந்தவர்கள் மறுபடி அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். புளியஞ்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியே கொல்லிமலை ஏற ஆசைப்பட்டு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவள்தான் வழிகாட்டி. அவள் முன்னால் போவாள். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு நான் கடைசியில் போவேன். குழந்தைசாமி என்பது என் பெயர். ஐம்பது தாண்டிய என்னையே, "ஏனுங்ண்ணா, காலு வேர் உட்டுருச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

ஒருமுறை ஒரு வாலிபன் பாதையோரப் பாறையில் பீர் பாட்டிலை அடித்து உடைத்தான். பொன்னாயி திரும்பி வந்து ஓர் அறை விட்டாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. "செருப்பில்லாத சனம் நடக்கற தடம்டா இது" என்று சொல்லி, சில்லு அத்தனையையும் அவனையே பொறுக்க வைத்தாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சில்லுகூடக் கிடந்ததில்லை.

ஆனால் அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. முதலில் வழிகாட்டியாக இருந்தவன் அவள் புருஷன் செல்வம். பாதையின் மேல் பாதி, சென்றாயனின் மிளகுத் தோட்டத்து ஓரமாகப் போகிறது. ஒரு வருஷம் செல்வம் கூட்டிவந்த கூட்டம் விளையாட்டுக்குப் பச்சை மிளகைக் கொத்துக் கொத்தாக உருவி, கொடிகளையும் இழுத்துப் போட்டுவிட்டது. சென்றாயன் வந்து கேட்டான். செல்வம் தணிந்து பேசியிருக்கலாம். "தடம் என்ன உங்கொப்பன் வெட்டுனதா?" என்றான். சென்றாயனின் அப்பன் செத்து மாதம்கூட ஆகவில்லை.

மரக்கிளைகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த அரிவாள் சென்றாயன் கையிலேயே இருந்தது. கழுத்துக்கு வந்த வெட்டைச் செல்வம் வலது கையால் தடுத்தான். கை மணிக்கட்டோடு போய்ச் சருகில் விழுந்தது. விழுந்த பிறகும் விரல் அசைந்தது. அன்றும் கூட்டத்தின் கடைசியில் வந்த நான் பார்த்தேன். பல மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்த பொன்னாயி அந்தக் கையை முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனாள். உயிரைக் காப்பாற்றினார்கள். கையைச் சேர்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு வழிகாட்டி வேலை பொன்னாயிக்கு வந்தது.

சென்றாயன் ஜெயிலுக்குப் போனான், தண்டனை முடிந்து திரும்பியும் வந்தான். அவன் வந்த அன்றே பொன்னாயி ஆடுகல்லுக்குப் போனாள்.

ஆடுகல் பாதி மலையில் இருக்கிறது. அங்கே ஓடை, இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. கரையை ஒட்டி ஒரு பலகைப் பாறை. கல்லால் தட்டினால் வெண்கலத் தாம்பாளம் மாதிரி கணீரென்று மலை முழுக்கக் கேட்கும். அதற்குக் கூப்பாட்டுப் பாறை என்று பெயர். அதன் மேல் ஓர் உருண்டைக் கல், மினி பஸ் அளவுக்கு, விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ஒரு கையால் தள்ளினால் லேசாக ஆடும், இடம் நகராது. காலேஜ்காரர்கள் வந்து அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு அது சத்தியக்கல். அதன் அடி இடுக்கில் கையை விட்டுச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கல் ஆடும், ஆனால் நகராது; சொல்லும் அப்படித்தான் என்று ஒரு நம்பிக்கை.

பொன்னாயி கையை விட்டாள். "சென்றாயன் வலது கைய எடுக்காம நான் கண்ணு மூட மாட்டேன்."

அன்று முதல் சாயங்காலம் ஆனால் அரிவாளைத் தீட்ட உட்கார்ந்துவிடுவாள். "உட்டுரு பொன்னாயி, பட்டவன் நானே மறந்துட்டேன்" என்பான் செல்வம். "வெட்டுப்பட்டது உங்க கைங்க. எரியறது என் வயிறு" என்பாள் அவள்.

கூப்பாட்டுப் பாறைக்கும் ஒரு கட்டு உண்டு. சத்தம் கேட்டால் கேட்டவர் போயே ஆக வேண்டும். யார் அடிக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. போகாதவன் கொடியில் மிளகு பிடிக்காது என்பார்கள்.

போன ஐப்பசியில் ஒரு கூட்டத்தைப் புளியஞ்சோலையில் இறக்கிவிட்டு, நானும் பொன்னாயியும் வீடு திரும்ப ஏறிக்கொண்டிருந்தோம். மேலே வானம் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டிருந்தது. அப்போது பாறை கணீரென்றது. விட்டு விட்டு, வெறி பிடித்த மாதிரி. பொன்னாயி ஓடினாள், நான் பின்னால் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன்.

சென்றாயன் இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டிருந்தான். இடது கையில் கல், வலது கை ஆடுகல்லுக்கு அடியில். இடுக்கில் கொசுத்தேன் கூடு இருந்திருக்கிறது. கல்லின் மேல் சாய்ந்துகொண்டு கையை உள்ளே விட்டிருக்கிறான். கல்லுக்கு முட்டுக்கொடுத்திருந்த மண் மழையில் கரைந்திருக்க, கல் ஒரு சாண் சரிந்து கை மேல் உட்கார்ந்துவிட்டது. இடுக்கிலிருந்து தேனும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன.

நான் ஒரு கட்டையை நுழைத்து நெம்பினேன். கல் ஆடியது. ஆடி, இன்னும் அழுந்த உட்கார்ந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் தண்ணீர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அவன் அலறியதில் மரத்துக் குரங்குகள் சிதறின.

"அக்கா, வெட்டிருங்க. கைய வெட்டிருங்கக்கா, தண்ணி ஏறுது."

பொன்னாயி எதிர்ப்பாறையில் ஏறி உட்கார்ந்தாள். தடத்தில் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் அரிவாளை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை வேண்டாம்டா எனக்கு. முழுசா போய்ச் சேரு" என்றாள்.

"பொன்னாயி, இது பாவம்" என்றேன்.

"கேட்டா வரணும்னுதான் கட்டு. வந்துட்டேன். காப்பாத்தணும்னு எவன் சொன்னான்?"

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. பயமாகவும் இருந்தது. அரிவாளைப் பிடுங்கப் போனேன். என் நெஞ்சில் ஓர் உதை விட்டாள், தண்ணீரில் போய் விழுந்தேன். எழுந்தபோது சென்றாயனின் மார்பு வரை தண்ணீர் ஏறியிருந்தது. இடது கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, அவன் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அப்போதுதான் மேலிருந்து செல்வம் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். அவன் வீட்டுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. மாட்டிக்கொண்டது யார் என்று பார்த்தான், மடியில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியையும் பார்த்தான்.  தண்ணீரில் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துச் சென்றாயனின் முழங்கைக்குக் கீழே சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து இடது கையால் இறுக்கினான். எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு பொன்னாயியைப் பார்த்தான்.

"ஒத்தக் கையில எனக்கு ஒரே வெட்டுல முடியாது. ரெண்டு மூணு ஆயிரும். அது என்ன வலின்னு எனக்குத் தெரியும். நீ வா."

அவள் அசையவில்லை. தண்ணீர் சென்றாயனின் தாடையைத் தொட்டது.

"பொன்னாயி, கும்புடறேன், வா" என்றான் செல்வம். கும்பிடுவதற்கு அவனுக்கு ஒரு கைதான் இருந்தது. அதை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றான்.

பொன்னாயி காறித் துப்பினாள். இறங்கி வந்தாள். நான் சென்றாயனின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், செல்வம் அவன் கண்ணைப் பொத்தினான். அரிவாள் இறங்கியது. ஒரே வெட்டு. அத்தனை சாயங்காலம் ஏற்றிய கூர் அது. மூன்று பேரும் பின்னால் சாய்ந்து தண்ணீரில் விழுந்தோம். கை கல்லுக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

அவனைத் தூளி கட்டிக் கீழே தூக்கிப் போனோம். பிழைத்துக்கொண்டான். விசாரிக்க வந்த போலீஸிடம், "நான்தாங்க வெட்டச் சொன்னேன். அந்தக்கா சாமிங்க" என்றானாம்.

ஊர், ஆடுகல் சத்தியத்தை நிறைவேற்றிவிட்டது என்று பேசியது. கல்லுக்குக் காது இருக்கிறது என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். மண் கரைந்தது, கல் சரிந்தது, அவ்வளவுதான். டீக்கடையில் ஒருவன், "நெனச்சது நடந்துருச்சு, இனி சந்தோசந்தானே பொன்னாயி?" என்று கேட்டான். கையிலிருந்த கொதிக்கும் டீயை அவன் முகத்தில் ஊற்றிவிட்டு வந்தாள்.

சென்றாயன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செல்வம் தினம் அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். முதல் நாள் பொன்னாயி சொம்பை எடுத்து வீசினாள். செல்வத்தின் நெற்றி பிளந்தது. துடைத்துக்கொண்டு அவன் பாட்டுக்குப் போனான். மறுநாள் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். இன்றைக்கு ஒரு கொலை விழும் என்று நானும் ஓடினேன்.

வேலிக்கு வெளியே அவள் நின்றுவிட்டாள். உள்ளே வாசலில் செல்வம், ஒரு நுனியைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் வேட்டி கட்டுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தான். சென்றாயன் முயன்றான், வேட்டி அவிழ்ந்து விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பொன்னாயி வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. செல்வத்தின் கையை முந்தானையில் முடிந்தபோதுகூட அழாதவள்.

"இத்தன வருசமா வெட்டணும்னு இருந்த கைங்ண்ணா. அவனே நீட்டிட்டான். இனி காலைல நான் எதை நெனச்சு எந்திரிக்கறது?"

 அரிவாளுக்குக் கை நீட்டினேன். கொடுத்துவிட்டாள்.