பின்னணி இசை: லூர்துமேரி

ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நானும் லூர்துமேரியும் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒரு 'ஹலோ'விலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் ஜெனரல் மானேஜரிடமே, "சார், உங்களுக்கு ஜுரம் வரப்போவுது, வீட்டுக்குப் போங்க" என்றாள். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அவளுடைய அப்பா சவரிமுத்து, திருச்சிப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஃபிட்டர். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு லூர்து பத்து வயசிலேயே ஆர்மோனியம் வாசித்தாள். வேலைக்கு வந்த பிறகு, ஆண்டு விழா நாடகங்களுக்கு இசையமைப்பதும் அவள் பொறுப்பானது. எழுபத்தெட்டில் அப்படி ஒரு நாடகத்தைப் பார்க்க வந்தார் நரசையா. புதிதாக வந்திருந்த டெலிவிஷன் நிலையத்தில் நாடகங்கள் தயாரிப்பவர். இசை யார் என்று கேட்டார். "எங்க டெலிபோன் அம்மாதான்" என்றார்கள். அதற்குப் பிறகு காலை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் பிடித்து நகரத்துக்குப் போவாள். ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே பாதி இசையைப் பஸ்ஸிலேயே முடித்துவிடுவாள்.

மூன்று வருஷம் கழித்து நரசையா ஒரு தெலுங்குப் படத்தை இயக்கினார். பாட்டுகளை மெட்ராஸில் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் முடித்துக் கொடுத்துவிட்டார். பின்னணி இசைக்கு அவர் தன் ஆட்களோடு ஹைதராபாத் வரவேண்டும். அந்த வாரம் பெய்த மழையில் தண்டவாளம் அரித்துக்கொண்டு போய், ரயில்கள் நின்றுவிட்டன. ஒலிப்பதிவுக் கூடமோ மூன்று நாள்தான் கிடைத்திருந்தது. நரசையாவின் போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்தது நான்தான். லூர்துவிடம் கொடுத்தேன். தெலுங்கில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பழைய ரெக்கார்டுலேர்ந்து எடுத்து ஒட்டிரலாம்னு புரொட்யூசர் சொல்றாராம். அது நக்கோ, வேணவே வேணாம், ஆளுங்களை நான் கூட்டியாரேன்னுட்டேன். எனக்கு மூணு நாள் லீவு எழுதிடு நீலா."

"படத்தைப் பாத்துட்டியாடி?"

"இனிமேதான் பாக்கணும்."

மறுநாள் காலைக்குள் ஆறு பேரைத் திரட்டிவிட்டாள். மாதா கோயிலிலிருந்து இரண்டு வயலின், போலீஸ் பாண்டிலிருந்து ஒரு புல்லாங்குழல், கவ்வாலி குழுவின் தபேலாக்காரர், ஒரு சித்தார் வாத்தியார், கல்யாண பாண்டில் கிளாரினெட் வாசிக்கும் கரீம் பாய். இசைக் குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு அவளே பாடிப் பாடிக் காட்டினாள்.

இரண்டாம் நாள் நானும் போயிருந்தேன். மகளை வழியனுப்பிவிட்டு ஒரு தகப்பன் தனியாக வீடு திரும்பும் காட்சி. கரீம் பாய்க்கு ஊர்வல வேகம்தான் வந்தது. ஏழெட்டுத் தடவை ஆகியும் சரிவரவில்லை. லூர்து அவர் பக்கத்தில் போய் உருதுவில் கேட்டாள்.

"உங்க மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு என்ன வாசிச்சீங்க, பாய்?"

"அன்னிக்கு நான் வாசிக்கலை அம்மா. பையங்கதான் வாசிச்சாங்க. எனக்கு மூச்சு வரலை."

"அன்னிக்கு வாசிக்காததை இப்ப வாசிங்க."

அவர் வாசித்தார். ஒரே தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார்.

வேலை முடிந்த அன்று தயாரிப்பாளர், "இசைக்கு மெட்ராஸ்காரர் பேர் ஒண்ணு போதுமே" என்றார். லூர்து குரலை உயர்த்தவில்லை. "பாட்டு அவரோடது, அவர் பேர் இருக்கட்டும். இந்த மூணு நாள் எங்களோடது. ஏழு பேர் பேரும் வரணும்." அவர் சிரித்தார். நரசையா சிரிக்கவில்லை. "அவங்க பேர் இல்லேன்னா என் பேரும் வேண்டாம்" என்றார். ஏழு பேருக்கும் தனி டைட்டில் போட்டார்கள்.

செகந்திராபாத் தியேட்டரில் முதல் நாள் சவரிமுத்துவோடு உட்கார்ந்திருந்தோம். நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. "எதும்மா உன் பேரு?" என்று அவர் கேட்பதற்குள் டைட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்த தன் தாயாருக்காக ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "லூர்துமேரி" என்று கேட்டதும் சவரிமுத்து அவர் தோளைத் தொட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி" என்றார். அவரும் சொன்னார்.

பிறகு மெட்ராஸிலிருந்தே அழைப்பு வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனவள் மூன்றே மாதத்தில் திரும்பிவிட்டாள். "அங்க எல்லா வாத்தியத்துக்கும் ஆள் ரெடியா நிக்குது. எனக்கு நாலு தெரு சுத்தி ஆளைத் தேடினாத்தான் மெட்டு வருது" என்றாள்.

எல்லாமே ஜெயித்துவிடவில்லை. அடுத்த படம் ஓடவில்லை. இசை பேச்சை அமுக்குகிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு, "ஹவ், ஆமா, சரியாத்தான் எழுதிருக்கான்" என்றாள். எண்பத்தேழில் இசையமைத்த பதின்மூன்று வாரத் தொடரில், ஒரு பெண் தந்தியைப் பிரித்துப் படிக்கும் காட்சி முழுவதையும் இசையே இல்லாமல் விட்டாள். எங்கள் தொழிற்சாலை டவுன்ஷிப்பில் ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேச்சு.

நாலு படம், ஒன்பது தொடர். ஒவ்வொன்றிலும் அந்த ஆறு பேருக்கும் வேலை இருந்தது. கரீம் பாயை டெலிவிஷன் நிலையம் தன் கலைஞர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

எண்பத்தொன்பதில் முழு நேரமும் இசைக்கென்று வேலையை விட்டாள். பிரிவுபசார விழாவில் பேசச் சொன்னோம். "நாளைக்குக் காலையில ரெக்கார்டிங் இருக்கு, ரேடியோ பெட்டி வச்சிருக்கவங்க ஞாயித்துக்கிழமை கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிக்சர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.