கச்சேரி கேட்காத குணம் அண்ணை

செய்தி வந்தபோது நான் ஜேர்மனியின் எசன் நகரில் ஓட்டும் பேருந்தின் கடைசித் தரிப்பில் நின்றிருந்தேன். ஆறு நிமிட ஓய்வு. போத்தலைத் திறந்து தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது குணம் அண்ணையின் மனைவி சுகந்தி அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணை போயிட்டார். காலமை எழும்பேல்லை," என்றார். அவர் அழவில்லை. "வாறன் அக்கா," என்றேன். ஆனால் உடனே போக முடியவில்லை. மாற்று ஓட்டுநர் வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்று பணிமனையில் சொன்னார்கள். அதுவரை பேருந்தை ஓட்டினேன். ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், மூடினேன். ஒரு தாய் பிள்ளையின் தள்ளுவண்டியை ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்தேன். அன்று எனக்கு அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

குணரத்தினம் அண்ணையை எசன் தமிழரில் பலருக்குத் தெரியும். கோவில் திருவிழாவுக்குப் பெரிய வண்டி ஒன்றை ஒடுங்கிய தெருவுக்குள் பின்பக்கமாக எடுக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடுவார்கள். அவருடைய தொழில் என்னவென்று கேட்டால் "பஸ் ஓட்டுறார்" என்பார்கள். எந்த பஸ் என்று அறிந்தவர்கள் சிலரே. முப்பது வருடத்துக்கும் மேலாக, ஓர் அமெரிக்க இசைக்குழு ஐரோப்பாவுக்கு வந்த ஒவ்வொரு பயணத்திலும் அவர்களின் படுக்கைப் பேருந்தை ஓட்டியவர் அவர். அவற்றில் எட்டு வருடம் நான் அவருக்கு இரண்டாவது ஓட்டுநராக இருந்தேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வானொலியில் ஓடும் பாட்டுக்காரர் அல்லர். ஒரு பாட்டைத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. ஐந்து நிமிடப் பாட்டு ஒரு நாள் அரை மணித்தியாலம் நீளும், அடுத்த நாள் வேறொரு பாட்டுக்குள் போய்க் கலந்துவிடும். நேற்றுப் போல் இன்று வாசிக்க மாட்டார்கள். அதனால் ரசிகர்கள் ஒரு கச்சேரியோடு நிறுத்துவதில்லை. பழைய வான் வண்டிகளில் ஹம்பேர்க், கொலோன், மூன்சன் என்று ஊர் ஊராகப் பின்னால் வருவார்கள். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் குணம் அண்ணை ஒரு கச்சேரியும் கேட்டதில்லை. தொழில் அப்படி. குழு மேடையிலிருந்து இறங்கிப் படுத்த பிறகு நாங்கள் வண்டியை எடுப்போம். விடிந்ததும் அடுத்த ஊரின் மண்டபத்துப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். பிறகு விடுதியில் திரையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரை. அவர்கள் வாசிக்கும்போது நாங்கள் நித்திரை, அவர்கள் நித்திரையாகும்போது நாங்கள் ஓட்டம். "சனம் கேக்குது, என்ன மாதிரி வாசிக்கிறாங்கள் எண்டு. எனக்கு அவங்கள் குறட்டை விடுறதுதான் தெரியும்," என்பார்.

இந்த வேலைக்கு அவர் வந்தது தற்செயலாக. எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக அகதியாக வந்தவர், மேற்கு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் உணவகமொன்றில் சட்டி கழுவியவர். பிறகு பேருந்து உரிமம் எடுத்து ஒரு சுற்றுலாக் கொம்பனியில் சேர்ந்தார். குழுவுக்கென்று போட்டிருந்த ஓட்டுநர் காய்ச்சலில் விழ, இரண்டு நாளுக்கு மட்டும் என்று இவரை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பழைய ஓட்டுநர் திரும்பி வந்தபோது கித்தார் வாசிக்கும் டெனிஸ், "இவர் இருக்கட்டும்," என்றாராம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு நாளும் நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை தம்பி. கையெழுத்துக் கேக்கேல்லை, படம் எடுக்கக் கேக்கேல்லை. அவங்களுக்கு அது ஒரு ஓய்வு," என்றார்.

நான் சேர்ந்த முதல் நாளை மறக்க மாட்டேன். பதினைந்து வருடம் வண்டி ஓட்டிவிட்டேன் என்ற நினைப்போடு போயிருந்தேன். டோர்ட்முண்டில் வெறுமையாகக் கிடந்த ஒரு வாகனத் தரிப்பிடத்தில் என்னைப் பின்னால் அனுப்பி, மேல்தட்டுப் படுக்கை ஒன்றில் படுக்கச் சொன்னார். பிறகு அவர் வண்டியை எடுத்து மூன்று முறை சுற்றினார். முதற்சுற்றில் எல்லா ஓட்டுநரும் பிடிப்பதுபோல் பிரேக் பிடித்தார். என் தலை பலகையில் இடித்தது. இரண்டாம் சுற்றிலும் இடித்தது. மூன்றாம் சுற்றில் வண்டி நின்றதே எனக்குத் தெரியவில்லை. அவர் வந்து திரையை விலக்கி, "விளங்கிச்சுதோ? பன்னிரண்டு பேர் இப்பிடித்தான் கிடக்கினம். நீர் றோட்டைப் பார்த்து ஓட்டுறீர். இவையளையும் நினைச்சு ஓட்டும்," என்றார். அதற்கு மேல் அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை.

நான் பார்த்த எட்டு வருடமும் குழு முதுமைக்குள் போன வருடங்கள். முந்திய காலத்தில் பேருந்துக்குள் சிரிப்பும் சண்டையும் பியர்ப் போத்தலும் உருளுமாம். என் காலத்தில் ஒவ்வொரு படுக்கைக்கருகிலும் மருந்துப்பெட்டி இருந்தது. இருவருக்கு மூச்சுக்கு உதவும் கருவி இருந்தது. மண்டபங்களும் சிறுத்தன. டெனிஸுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒரு காலையில் அவர் படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நிற்பதைக் கண்ட அண்ணை, கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்து படியின் கீழ் வைத்தார். டெனிஸ் அதில் கால் வைத்து ஏறினார். அன்றிலிருந்து எந்த ஊரில் கதவு திறந்தாலும் முதலில் இறங்குவது முக்காலிதான். வண்டியை விட்டிறங்கும்போது அண்ணையும் அதில் கால் வைக்கத் தொடங்கியதை நான் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்.

என் முதுகு இதற்கு மேல் தாங்காது என்று நான் நகரப் பேருந்துக்கு மாறினேன். அவரும் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். குழு மட்டும் நிற்கவில்லை.

போன மாரியில் அமெரிக்காவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. குழுவின் ஐரோப்பியப் பயணங்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எந்த ஊரில் எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் ரசிகர்களின் ஒலிப்பதிவில் இருக்கிறது. இரண்டு கச்சேரிக்கு இடையில் என்ன நடந்தது என்பதுதான் ஒருவரிடமும் இல்லை. குணம் அண்ணை நாட்குறிப்பு எழுதுவார் என்று டெனிஸுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. உண்மையில் பன்னிரண்டு கொப்பிகள் இருந்தன, எல்லாம் தமிழில். நான் ஊரில் சில காலம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் அவர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிறு தோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வாசிப்பார், நான் ஆங்கிலமாக்கிக் கணினியில் தட்டுவேன்.

பெரும்பாலும் சின்ன விஷயங்கள். "ஸ்ருட்கார்ட் மண்டபத்துப் பின்வாசல் வளைவு சரியில்லை. பாசலில் சுவிஸ் எல்லையில் ஐந்து மணித்தியாலம் மறித்துவிட்டார்கள், என்னுடைய அகதிப் பயணப்பத்திரத்தால். டெனிஸ் இறங்கி வந்து என்னோடு வாங்குப் பலகையில் இருந்தார். இன்று குழுவில் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. இன்று கதைக்கிறார்கள்." நான் அலுத்துப்போய்க்கூடத் தட்டினேன். முதல் ஆறு கொப்பிகள் இப்படியே போயின.

ஏழாவது கொப்பியில் ஒரு பக்கத்தில் அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொப்பியை என்னிடம் தந்து, "நீரே வாசியும்," என்றார். லைப்சிக் என்று மேலே எழுதியிருந்தது. கீழே நான்கு வரிகள்தான்.

"காலமை எல்லாரும் ஹொட்டலுக்குப் போயிட்டினம். ரொய் இறங்கவில்லை. எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டார். ஏலாது என்று சொன்னேன். ஏலும்."

ரொய் என்பவர் குழுவின் முதல் மேளக்காரர், டிரம்ஸ் வாசித்தவர். நான் சேரமுன்னரே இறந்துவிட்டார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அண்ணை மெதுவாகச் சொன்னார். அந்தப் பயணம் முழுக்க ரொய் சாப்பாடு குறைந்து, ஆளோடு ஆள் கதைக்காமல் இருந்திருக்கிறார். அன்று காலை பேருந்தின் முன் இருக்கையில் வந்திருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் களைத்துவிட்டதாகவும் வீட்டுக்குப் போக வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார். விமான நிலையம் அரை மணித்தியாலப் பாதை. ஓட்டுநர் ஒருவர் ஒரு நாளில் சட்டப்படி ஓட்டக்கூடிய நேரத்தில் அண்ணையிடம் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம் இருந்தது. அது வண்டியின் கருவியில் பதிந்தும் இருந்தது.

"நான் மீற்றரைக் காட்டி, நேரம் முடிஞ்சுது, இனி ஓட்ட ஏலாது எண்டு சொன்னன். அவன் நம்பினவன் தம்பி. 'ஐ ஆம் சொறி, உன்னை மாட்டிவிடப் பாத்தன்' எண்டு என்னட்டை மன்னிப்புக் கேட்டவன்."

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னியள்?"

"பயம். அவனைக் கொண்டுபோய் விட்டால் கச்சேரி நிக்கும். என்ர வேலை போகும். பிள்ளையள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம். மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் டாக்சி எண்டாலும் பிடிச்சிருப்பான். நான் ஏலாது எண்டு சொல்லி, அவனை எனக்காக இரக்கப்பட வைச்சிட்டன்."

ரொய் அன்று வாசித்தார். பயணத்தை முடித்தார். அடுத்த வருடம் தன் ஊரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

நான் அந்த நான்கு வரிகளை விட்டுவிடுவோம் என்றேன். அது அவர்களுக்குத் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை என்று வாதாடினேன். சுகந்தி அக்கா தேநீரோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும். "இவ்வளவு வருசமா என்னட்டைச் சொல்லேல்லையே," என்று மட்டும் சொன்னார். அண்ணை அவரைப் பார்க்கவில்லை. "தட்டும் தம்பி. கிடக்கிற மாதிரியே தட்டும்," என்றார். தட்டி அனுப்பினேன். பிறகு மூன்று ஞாயிறு அவர் வேலை வேண்டாம் என்றுவிட்டார்.

நான்காவது ஞாயிறு, நான் அங்கே இருக்கும்போதே, டெனிஸ் தொலைபேசியில் வந்தார். அண்ணை அழைப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். டெனிஸின் குரல் மிகவும் தளர்ந்திருந்தது. "குணா, அந்த வாரம் ரொய் என்னிடமும் கேட்டான்," என்றார். "இன்னும் பத்து நாள்தானே என்று சொன்னேன். மற்றவர்களிடமும் கேட்டிருக்கிறான். செத்தவீட்டில்தான் ஒருவருக்கொருவர் சொன்னோம். உன்னிடமும் கேட்டிருப்பான் என்று ஒருவரும் நினைக்கவில்லை. உன்னிடம் யாரும் விசாரிக்கவே இல்லை. அதற்காகத்தான் தொலைபேசி எடுத்தேன்." புத்தகத்தில் அந்த வரிகள் இருக்கும் என்றும், தான் சொன்னதையும் அதன் கீழே எழுதச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அண்ணை "ஓகே, ஓகே" என்றார். வைத்துவிட்டார்கள்.

அவர் முகத்தில் ஆறுதல் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு என்ன வாசிச்சவங்கள் எண்டு இருக்குமோ?" என்று கேட்டார். தேடினேன். லைப்சிக் கச்சேரி முழுவதையும் யாரோ ஒரு ரசிகர் இணையத்தில் போட்டிருந்தார். மாலை வெயில் யன்னலால் வந்து விழ, சோபாவில் நாங்கள் மூவரும் இருந்து கேட்டோம். முப்பது வருடம் சுமந்து திரிந்த குழுவை அவர் முதற்தடவையாகக் கேட்டார். ஒரு பாட்டு இருபத்தைந்து நிமிடம் போனது. நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்திவிட, ரொய் மட்டும் தனியாக வாசித்தார். சனம் கத்தியது.

"நல்லாத்தான் அடிக்கிறான்," என்றார் அண்ணை. பிறகு, "இதைக் கேட்டால் ஆர் நம்புவினம், இவன் காலமை வீட்டை போகக் கேட்டவன் எண்டு," என்றார். கடைசிவரை கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.

அதன் பிறகு மிச்சக் கொப்பிகளையும் முடித்தோம். புத்தகம் இன்னும் வரவில்லை. அவர் முந்திவிட்டார்.

இறுதிக் கிரியைக்கு எசன் தமிழர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் நரைத்த சடையோடு ஒரு ஜேர்மன் சோடி, பல நிறச் சாயம் போட்ட மேற்சட்டைகளோடு நின்றது. எங்கள் ஆட்கள் அவர்களை வினோதமாகப் பார்த்தார்கள். அவர்கள் யார் என்று நான் போய்க் கேட்டேன். குழுவைப் பல வருடம் வான் வண்டியில் பின்தொடர்ந்தவர்களாம். "பாதை தெரியாத காலத்தில் அவருடைய பின்விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டுவோம்," என்றாள் அந்தப் பெண். "நாங்கள் பிந்தினால் கொஞ்சம் மெதுவாகப் போவார்." இதை அண்ணை எனக்குச் சொன்னதில்லை. நாட்குறிப்பிலும் இல்லை. சுகந்தி அக்கா அவர்கள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்.

இறந்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள், குழுவின் ஐரோப்பியப் பயணங்களை ஒழுங்குசெய்யும் கார்லா ஹம்பேர்க்கிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அனுதாபம் தெரிவித்தாள். பிறகு, தயங்கி, இலையுதிர் காலத்தில் இன்னொரு பயணம் இருக்கிறது, கடைசிப் பயணமாக இருக்கலாம், குணா இருந்த இடத்தில் நான் ஓட்டினால் டெனிஸ் சந்தோஷப்படுவார் என்றாள். முதுகு நோவுக்கு வைத்தியர் முன்பு தந்த கடிதம் என் மேசையில் கிடந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும், அவளும் இரக்கப்பட்டுத் தொலைபேசியை வைத்திருப்பாள்.

"முதுகு இப்ப பரவாயில்லை. ஓட்ட முடியும்," என்றேன். "ஆனால் மாட்டேன், கார்லா. எனக்கு விருப்பமில்லை."

"சரி. அப்படியென்றால் நான் இன்றைக்கே வேறு ஆளைத் தேடுகிறேன்," என்றாள்.

குணம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு ஏதாவது வைத்திருப்பீர்கள்.