பங்குக்கு ஒரு ரூபாய்

வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. உறையைப் பிரித்தபோது தெர்மகோலோடு தெர்மகோல் உரசி, கிறீச். பல் கூசியது. அந்தக் கூச்சத்திலேயே போன வருடத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் போய்விட்டேன். கடலோரக் குப்பம், சமுதாயக் கூடம், நாற்காலி போதாமல் தெர்மகோல் மீன்பெட்டிகளின் மேல் பெண்கள். ஒருத்தி அசைந்தால் போதும், கூடமே கிறீச்சிடும்.

மாடம்பாக்கம், சேலையூர், தாம்பரம் என்று தெருத்தெருவாக மீன் விற்கிற அந்தப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. தலைவி என் அக்கா. கணக்கு நான், தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பகலெல்லாம் பிறத்தியார் லாபத்தைக் கூட்டிக் கழிப்பவள். அந்த வருடம் வேன் வாங்குவதற்காகப் பத்து ரூபாய்ப் பங்குகளைப் புதிதாக விற்றிருந்தோம். பணம் விழுந்த குறுஞ்செய்தியைப் பார்த்த சந்தோஷத்தில் அக்கா குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள்: “இந்த வாட்டி பங்குக்கு மூணு ரூபா டிவிடெண்டு!”

கூட்டத்தன்று காலையில்தான் என்னிடம் சொன்னாள்.

“அக்கா, பேங்க்ல இருக்கறது பங்குப் பணம். அது மூலதனம். டிவிடெண்ட லாபத்துலருந்துதான் எடுக்கணும். நம்ம லாபம் ஒரு ரூபாதான் தாங்கும்.”

அவள் முகம் சுருங்கியது. அவள் சொல்லை நம்பித்தான் பாதிப்பேர் காசு போட்டிருந்தார்கள். அந்தச் சொல் இன்று உடையப்போகிறது.

கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

“மூணுன்னு சொன்னேன். தப்பு. ஒண்ணுதான்.”

கிறீச். கிறீச்.

“இன்னாடி கத வுடுற?” முன்பெட்டியிலிருந்து இறால்காரம்மா. “பேங்க்ல துட்டு கீதுன்னு நீதானே ஃபோன காட்டிகினு திரிஞ்ச?”

“கீது. அது வேனுக்கு நீ குடுத்த துட்டு. அதையே எடுத்து உன் கையில குடுத்துட்டு, லாபம்னு சொல்லட்டுமா? படகு வாங்க வெச்சிருக்கிற காச, மீன் வித்த காசுன்னு பிரிச்சா உன் வூட்டுக்காரரு ஒத்துக்குவாரா?”

“அந்தாளா? அதையும் குடிச்சிட்டு ஒத்துக்குவாரு!”

கூடம் சிரித்துக் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் முதலில் உயர்ந்தது இறால்காரம்மாவின் கைதான். பிறகு எல்லாக் கைகளும். செதில் ஒட்டிய வளையல்கள், கத்தி கீறிய விரல்கள்.

கணக்கேட்டைத் திறந்தேன். திரண்ட லாபத்தில் பற்று, தரவேண்டிய டிவிடெண்டில் வரவு. பெரிய பெரிய கம்பெனிகளுக்கு எழுதிய கைதான். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐஸ் உருகுவதற்குள் ஓடி, மாடி ஏறி, பேரத்தில் தோற்று, ஜெயித்து ஈட்டிய ரூபாய் அது. மூலதனம் தொடப்படாமல் அப்படியே இருந்தது, அக்காவின் சொல்லுக்கு இருந்த மதிப்பும்.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது இறால்காரம்மா பின்னாலேயே வந்தாள்.

“அடுத்த வாட்டி பங்கு வித்தா என் மருமவ பேர்ல நூறு போடு.”

“அவங்களுக்குத் தெரியுமாம்மா?”

“மூணு ரூபா தர்றப்போ சொல்லிக்கலாம். நீ பஸ்ஸ புடி.”