இரண்டு பக்கமும் ஹோல்ட்

எங்கள் வீட்டில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு சின்னக் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். அதில் நான் ஒரு புல்லட்டின் போர்டு நடத்துகிறேன். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வருவதற்கு முன்னால், டெலிபோன் லைன் வழியாக இன்னொருவர் வீட்டுக் கணினியைக் கூப்பிட்டு, அதில் கடிதம் எழுதி வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு வருவார்கள். அந்தக் காலத்துச் சமாச்சாரம். படம் கிடையாது, லைக் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். இன்றைக்கும் உலகத்தில் அங்கங்கே கொஞ்சம் பேர் இதைப் பொழுதுபோக்காக நடத்துகிறோம். டெலிபோன் போய் இன்டர்நெட் வந்ததுதான் வித்தியாசம். எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். என் கணவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்து ஹைதராபாத்தில் இந்தக் கிறுக்கு இரண்டு பேருக்குத்தான். ஏ.எஸ்.ராவ் நகரில் நான். போவன்பள்ளியில் அவர். நடுவில் ஒரு பஸ், ஒரு ஆட்டோ தூரம். ஆறு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. போனில் பேசுவதாக இருந்தால் போர்டு எதற்கு என்பது எங்கள் கட்சி.

அவர் ரயில்வேயில் டெலிபிரிண்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துப் படிக்கவில்லை. அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவார், அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில். டெலிபிரிண்டரில் சின்ன எழுத்து கிடையாதாம். காலையில் இட்லி சாப்பிட்டேன் என்று அவர் எழுதினால்கூட அவசரத் தந்தி மாதிரி இருக்கும். நான் திருநெல்வேலிக்காரி, வயதில் பெரியவரை அண்ணாச்சி என்றுதான் எழுத வரும். என்னை மளிகைக் கடைக்காரன் ஆக்கிவிட்டீர்களே என்று முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு தன் கடிதங்களுக்கு அடியில் அண்ணாச்சி என்றே கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

எங்கள் கடிதங்கள், எல்லா போர்டுகளின் கடிதங்களையும் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நடு இயந்திரம் வழியாக, வெளிநாடு சுற்றிக்கொண்டு போயின. ஒரே ஊரில் இருந்துகொண்டு இது என்ன அசிங்கம் என்று நேர் இணைப்புப் போடத் தீர்மானித்தோம். இரண்டு கணினிகள் தாமாகக் கடிதம் கொடுத்து வாங்க வேண்டுமானால், என்னுடையதில் அவருடைய முகவரியும் அவருடையதில் என்னுடைய முகவரியும் இருக்க வேண்டும். இருவரும் வைத்த ரகசியச் சொல் ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்றாவது ஞாயிறு மத்தியானம் என் திரையில் அவருடைய கணினி தன் பெயரைச் சொல்லி, என்னுடையது பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு கடிதம் உள்ளே வந்தது. டெஸ்ட் என்று மட்டும் எழுதியிருந்தார். நான் சமையலறைக்குப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் குக்கரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படி இருந்ததைக் கெடுத்தவள் நான்தான்.

போர்டு நடத்துகிறவர்கள் எல்லாரும் படிக்கும் பொது இடம் ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, கடித இணைப்பு அமைப்பது எப்படி என்று அவர் அதில் ஒரு குறிப்புப் போட்டார். அதில் தப்புகள் இருந்தன. நான் வேலை பார்ப்பது ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில். அங்கே கணினிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. தப்பைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத கை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஏழு தப்புகளை அதே பொது இடத்தில், அவருடைய குறிப்புக்கு நேர் கீழே எழுதினேன். நடு இயந்திரத்தை நடத்தும் வெளிநாட்டுக்காரர் அதற்குக் கீழே ஒரு சிரிப்பு போட்டார். போவன்பள்ளியிலிருந்து ஒரே வரி வந்தது. பார்த்துக்கொண்டேன், நன்றி. சாப்பிட்ட இட்லிக் கணக்கைக்கூட எழுதும் மனிதர்.

அதன்பிறகு கடிதம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு? சரியானதைச் சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா? ஒருநாள் அந்த வேகத்தில் என் கணினியில் அவருக்கு உரிய வரியை எடுத்து ஹோல்டில் போட்டேன். ஹோல்ட் என்றால், அவருக்குப் போக வேண்டிய கடிதத்தை என் கணினி தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது, வைத்துக்கொண்டு காத்திருக்கும். அவருடைய கணினி கூப்பிட்டால் கொடுக்கும். வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளட்டுமே!

என் கோபம் பால் பொங்குகிற மாதிரி, அடுப்பைக் குறைத்தால் இறங்கிவிடும். ஒரு மாதத்தில் இறங்கியது. உட்கார்ந்து ஒரு நல்ல கடிதம் எழுதி அனுப்பினேன். அனுப்பினேன் என்றுதான் நினைத்தேன். ஹோல்டில் போட்டது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கம்பெனியில் யாராவது இப்படி ஓர் அமைப்பை மாற்றிவிட்டு எழுதியும் வைக்காமல், சோதித்தும் பார்க்காமல் இருந்திருந்தால் மூன்று பக்கம் விளக்கம் எழுத வைத்திருப்பேன்.

நான்கு மாதம் பதில் இல்லை. இவ்வளவு இறங்கி எழுதியும் மனுஷனுக்கு மனம் இளகவில்லையே என்று எனக்கு வருத்தம். வருத்தம் மறுபடியும் கோபமாகி, கோபம் பழகியும் போனது. அப்போதுதான் ஒரு ஞாயிறு காலையில் பொது இடத்தில் அவருடைய அறிவிப்பைப் பார்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமையோடு போர்டை மூடுகிறேன், இதுவரை எழுதியவர்களுக்கு நன்றி, இப்போது யாரும் எழுதுவதில்லை. எல்லாம் பெரிய எழுத்தில்.

போகட்டும், அவருடைய வரியை நானே அழித்துவிடுகிறேன் என்று அமைப்பைத் திறந்தேன். அங்கே ஹோல்ட் என்று இருந்தது. வெளியே போக வேண்டிய கடிதங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். அவர் பெயரில் ஒரே ஒரு கடிதம், நான்கு மாதத் தூசியோடு. நான் எழுதிய மன்னிப்பு என் வீட்டு ஷூ ஸ்டாண்டைத் தாண்டவே இல்லை.

ஹோல்டை எடுத்துவிட்டு உடனே அனுப்பு என்று போட்டேன். என் கணினி அவருடையதைக் கூப்பிட்டது. பதில் இல்லை. பத்து தடவை கூப்பிட்டும் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. சில மாதம் முன்னால் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியதாகப் பொது இடத்தில் எழுதியிருந்தார். சில இணைப்புகளில் அப்படித்தான், வீட்டிலிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் வீட்டுக்குள் வர முடியாது. அதாவது இனி அவருடைய கணினிதான் என்னுடையதைக் கூப்பிட முடியும். அது ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்தேன். அவரும் என்னை ஹோல்டில் போட்டிருப்பார் என்று தோன்றியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொது இடத்தில் எழுதியிருக்கலாம். உங்கள் அமைப்பில் இன்ன வரியை மாற்றுங்கள் என்று மறுபடியும் எல்லார் முன்னாலும் அவருக்குப் பாடம் எடுக்கவா? நடு இயந்திரம் வழியாகத் தனிக் கடிதம் அனுப்பலாம், ஆனால் அதை நடத்துகிறவர் நினைத்தால் திறந்து பார்க்கலாம், சிரிப்பு போட்டவரே அவர்தான். என்னிடம் அவருடைய வீட்டு முகவரி இருந்தது. முன்பு ஒரு கேபிளைக் கூரியரில் அனுப்ப வாங்கியது. அந்தக் கடிதத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு பஸ், ஒரு ஆட்டோ தூரத்துக்குப் போக ஆறு வருஷம் ஆச்சா என்று கணவர் கேட்டார்.

போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் முட்டைக்கோஸ் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ அரை மணி நேரம் நின்றது. வீட்டைக் கண்டுபிடித்தபோது பதினொன்றரை. அவருடைய மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாம்மா அது? அவருக்கு இப்ப காது சுத்தமா கேக்காது. மெஷின் வெச்சும் பிரயோஜனம் இல்ல. போன் வந்தா என்கிட்டக் குடுத்துடுவாரு. யார்கூடவும் பேசறதில்ல. காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி அந்த டப்பா முன்னாடி உக்காந்து உங்க லெட்டர் வந்திருக்கான்னு மட்டும் பாப்பாரு."

காது கேட்காத மனிதரின் ஒரே பேச்சுத் துணையை நான் ஹோல்டில் போட்டிருந்தேன்.

அவர் உள்ளறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கூரியர் என்று நினைத்துக் கையெழுத்துப் போடக் கையை நீட்டினார். நான் அவருடைய கீபோர்டை இழுத்து, பெரிய எழுத்திலேயே அடித்தேன். நான்தான், அண்ணாச்சி. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென் டிரைவைக் கொடுத்தேன். கடிதம் திறந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே என் நான்கு மாதப் பழைய கடிதத்தை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். நான் சொன்னது சரி, அண்ணாச்சி, ஆனால் சொன்ன இடம் தப்பு, அதை உங்களுக்குத் தனியாக எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன்.

"மன்னிப்பு கேக்கறப்பகூட உங்களுது சரிதான்னு எழுதிருக்கீங்க" என்றார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல்.

நீங்களும் என்னை ஹோல்டில் போட்டீர்களா என்று அடித்தேன்.

"ஹவ் மா, போட்டேன். கைக்கு பொய் சொல்லணும்? அந்த அம்மாவே வந்து எடுத்துக்கட்டும்னு போட்டேன். ரெண்டு லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். நீங்க வருவீங்க, வருவீங்கன்னு பாத்தேன்." ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு; அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருந்தது.

அந்த இரண்டையும் இப்போதே காட்டுங்கள் என்று கேட்டேன். நக்கோ, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். கடிதம் என்றால் போய்ச் சேர வேண்டும், கையில் கொடுப்பது கடிதம் இல்லை என்றார். சரி, அப்படியானால் உங்கள் கணினிதான் என்னுடையதைக் கூப்பிட வேண்டும், உங்கள் லைனில் என்னால் உள்ளே வர முடியாது என்று விளக்கி அடித்தேன்.

"அப்ப எப்பவும் நான்தான் கூப்டணுமா?"

ஆமாம் என்று அடித்தேன். திரையை அணைத்துவிட்டு மனைவியிடம் காபி கேட்டார். போர்டை மூடுவதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. காபி குடித்துவிட்டு, அவருடைய அமைப்பில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தேன். அதைத் தொடாமல் வர எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னோடு வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும்.

வழியெல்லாம் பயமாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் தானே போய்க் கூப்பிட வேண்டும் என்றால் ரோஷக்கார மனிதர் சம்மதிப்பாரா? நான் அவர் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மணி மூன்று. நின்ற வாக்கிலேயே பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது கூப்பிட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று கணினி எழுதி வைக்கும் இடம் அது. ஒரு மணி பத்து நிமிடத்துக்கு போவன்பள்ளியிலிருந்து அழைப்பு. இரண்டு கடிதங்கள் வந்திருந்தன.

முதல் கடிதம் என் மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரு வாரம் முந்தியது. நீங்கள் சொன்ன ஏழையும் சோதித்துப் பார்த்தேன், ஆறு சரி, ஏழாவது தப்பு என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தார். சோதித்துப் பார்த்தேன். ஏழாவது தப்புதான். இரண்டாவது கடிதம் சின்னது. காது போய்க்கொண்டிருக்கிறது, போன் இனி நக்கோ, உங்கள் கடிதம் வந்தால் போதும் என்று இருந்தது. அதைப் படித்து நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு பதிவேட்டில் மிச்சத்தைப் பார்த்தேன். ஒன்று இருபதுக்கு ஓர் அழைப்பு. கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்க ஒன்றும் இல்லை. ஒன்று முப்பதுக்கு இன்னொன்று. கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்க ஒன்றும் இல்லை. ஒன்று நாற்பது, ஒன்று ஐம்பது, இரண்டு மணி, இப்படியே மூன்று வரைக்கும். நான் பஸ்ஸில் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் என் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார்.

அடுத்த அழைப்புக்கு நான்கு நிமிடம் இருந்தது. கையைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தேன்.