அப்பாவின் போத்தல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் குடியேற்றத் திட்டத்திலேயே ஆகச் சுகதேகியான மனிதர் என்று பெயர் எடுத்திருந்தவர் என் அப்பா. அந்தப் பெயருக்காக உழைத்தது நான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் உள்ளே இருக்கிறது. அப்பப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே வயல் கிடைத்துக் குடியேறிய சனம் நாங்கள். சண்டையில் எல்லோரும் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து வயலில் இறங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்த நேரத்தில்தான் ஆட்கள் சிறுநீரக வருத்தத்தில் விழத் தொடங்கினார்கள். சீனி வியாதி இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கமக்காரர் ஒருநாள் களைக்கிறது என்று படுப்பார். ஆஸ்பத்திரியில் காட்டினால் இரண்டு சிறுநீரகமும் முடிந்துவிட்டது என்பார்கள். ஏன் என்று கேட்டால் டொக்டர்மாருக்கும் தெரியாது. கிணற்றுத் தண்ணீரின் கல்லுத்தன்மை என்றார்கள், பயிருக்கு அடிக்கும் மருந்து என்றார்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்றார்கள். கடைசியில் ‘காரணம் தெரியாத சிறுநீரக நோய்’ என்பதையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அப்பாவின் தமையன், என் பெரியப்பா, அதில்தான் போனார். வருத்தம் என்று தெரிந்து ஏழாம் மாதம் செத்துப்போனார். அதனால் எங்கள் ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வருத்தம் ஆளைக் கொல்வதில்லை, அதைக் கண்டுபிடிப்பதுதான் கொல்கிறது. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டு சொன்னவர் யாரும் இல்லை.

அப்படியான ஊருக்குத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் மேசை போட்டு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் போத்தல் கொடுத்தார்கள். காலையில் எழும்பியதும் முதல் போகும் சிறுநீரை, எங்கள் பேச்சில் சலத்தை, அதில் பிடித்து, எட்டு மணிக்குள் மண்டபத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். போத்தலில் பெயரும் இலக்கமும் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஒரு இளம் பெண் டொக்டர். முகத்தில் எப்போதும் வியர்வை, கையில் எப்போதும் குறிப்பெழுதும் ஒரு கொப்பி.

போத்தல் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அப்பா இருக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு வாய்க்கால் தள்ளியிருந்த ஒரு வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தமையனுக்கு வந்தது தம்பிக்கும் வராதா, பிறகு பிள்ளைகளுக்கும் வராதா என்று மாப்பிள்ளை வீட்டில் கதை எழும்பியிருந்தது. போத்தல் கொடுக்காவிட்டால் வருத்தத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கொடுத்தால் என்ன வரும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சில மாதங்களாகவே அவருடைய சலம் நுரைத்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அடுத்த நாள் விடிய நான் பல் தீட்டிக்கொண்டு நிற்க, அப்பா கக்கூசுப் பக்கமிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். கையில் அந்தப் போத்தல்.

“சின்னவள், இதுக்குள்ள கொஞ்சம் சலம் விட்டுத் தா.”

“ஏன், உங்களுக்கு வரேல்லையோ?”

“வருது. வாறது நல்லா இல்லை.”

“அம்மாட்டக் கேளுங்கோவன்.”

“கொம்மாவுக்குச் சீனி. அது இன்னும் பழுது. அக்காட்ட நான் என்னெண்டு போய்க் கேக்கிறது?” என்றவர், குரலைக் குறைத்து, “அம்மாவுக்கும் சொல்லாதை” என்றார்.

வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்த எனக்கு அதுவரை கிடைத்த வேலையெல்லாம் கோழி அடைப்பதும் கடைக்கு ஓடுவதும்தான். முதல் தடவையாக என்னிடம் மட்டுமே இருந்த ஒரு பொருள் பெரியவர் ஒருவருக்குத் தேவைப்பட்டது. நான் போத்தலை வாய் வரை நிரப்பிக் கொடுத்தேன். அப்பா பாதியை ஊற்றிவிட்டுக் கொண்டு போனார்.

அப்பாவுக்கு எந்தப் பழுதும் இல்லை என்று கடிதம் வந்தது. அம்மா அதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்து, மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தற்செயலாக எடுப்பதுபோல எடுத்துக் காட்டினார். மற்ற வீடுகளில் பாதிப் பேருக்கு மறுபடி வா, ரத்தம் கொடு என்று கடிதம் வந்திருந்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டொக்டர் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஒரே குளம், ஒரே வயல், பக்கத்துப் பக்கத்துக் கிணறு, கூடப் பிறந்த தமையனே அந்த வருத்தத்தில் போயிருக்கிறார். அப்படியிருக்க இந்த மனிதருக்கு மட்டும் ஏன் வரவில்லை? வருத்தம் வந்தவர்களைவிட வராதவரிடம்தான் அதிகம் படிக்கலாம் என்று அவர் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அம்மாவுக்கு அது விளங்கியதோ இல்லையோ, டொக்டருக்குப் பால்தேத்தண்ணி வந்தது.

“ஐயா, விசேஷமா ஏதாவது சாப்பிடுவீங்களோ?”

அப்பா யோசித்தார். இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“குறிஞ்சா வறை சாப்பிடுவன், டொக்டர். கிழமைக்கு மூண்டு நாள்.”

குறிஞ்சா இலை கைக்கும் என்று ஒரு வாய்கூட வைக்காதவர் அப்பா. டொக்டர் அதை எழுதிக்கொண்டார். எங்கள் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீரும் வயலில் ஒரு பை மண்ணும் எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவேன், அப்பாவின் சலத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்றார். ரத்தம் எடுக்க மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை. ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் என்றார். முகாமில் இருந்த காலத்தில் ஆறு ஊசி போட்டும் மயங்காத மனிதர்.

அடுத்த கிழமை ஊரில் ஒரு வேலியிலும் குறிஞ்சா இலை மிச்சமில்லை. பிறகு சனம் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானோடு எங்கள் கிணற்றுக்கு வரத் தொடங்கியது. கப்பியில் கயிறு தேய்ந்து இரண்டு தடவை மாற்றினோம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் இருந்ததைவிட எங்கள் தண்ணீரில் கல்லுத்தன்மை கூட என்று பிறகு தெரிந்தது. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. யாராவது கானோடு படலையைத் திறந்தால் அவர் பின்பக்கத்தால் வயலுக்குப் போய்விடுவார். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

நான் வேலையைக் கவனமாகச் செய்தேன். டொக்டர் வரும் நாளுக்கு முதல் நாள் நிறையத் தண்ணீர் குடிப்பேன். ஐஸ்பழம் வாங்க மாட்டேன். அப்பா வரம்பில் நடந்துகொண்டிருந்தவர் பாதியில் குந்தி மூச்சு வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். பின்னேரத்தில் அவர் கால் வீங்கிச் செருப்பின் வார் பதிந்து கிடந்ததையும் கண்டிருக்கிறேன். ஆனால் பயப்படவில்லை. என் போத்தல் சுத்தமாக இருக்கும் வரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்கு உறுதி. மருந்து கொடுக்கும் ஆளின் பெருமையோடு திரிந்தேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியாக நான் கொடுத்த போத்தல் ஒரு திங்கட்கிழமை. அன்று வயிறு இலேசாக வலித்தது, வேறொன்றும் இல்லை. போத்தலில் பார்க்கவும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புதன்கிழமை உடுப்பில் ஒரு சின்னப் பழுப்புக் கறை இருந்தது. வயல் மண் என்று நினைத்துக் கழுவிப் போட்டேன்.

வியாழன் பின்னேரம் டொக்டரின் வான் வந்தது. கிணற்றடியில் நாலைந்து பேர் கானோடு நின்றார்கள். டொக்டர் வழமைபோலக் கதிரையில் இருக்கவில்லை.

“ஐயா, இந்த முறை உங்கட சலத்தில ரத்தம் கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது, மைக்ரஸ்கோப்பிலதான் தெரியுது. ஒரு வருசமா ஒண்டும் இல்லாமல் இருந்திட்டுத் திடீரெண்டு வந்திருக்கு. கல்லாயும் இருக்கலாம், வேற ஏதும் பெரிசாயும் இருக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, ஸ்கான் பண்ணவேணும்.”

அம்மா தலையில் கை வைத்தார். குசினி வாசலில் அக்கா. கிணற்றடியில் கப்பிச் சத்தம் நின்றுவிட்டது.

அப்பா டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அங்கே நின்ற அத்தனை பேரிலும் அந்த ரத்தம் யாருடையது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“அது என்ர சலம் இல்லை, டொக்டர்,” என்றார் அப்பா.

டொக்டருக்கு விளங்கவில்லை. “லேபல் மாறேல்லை ஐயா, நான் பாத்தனான்.”

“லேபல் என்ர. சலம் சின்னவளின்ர. எல்லா முறையும் அவளின்ரதான் தந்தனான். பிழை என்னில. என்னை என்னவும் சொல்லுங்கோ. முதல்ல பிள்ளைக்கு என்னெண்டு பாருங்கோ.”

இப்போது யோசித்தால், அப்பா அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஓம் வருகிறேன் என்று டொக்டரை அனுப்பிவிட்டு, அடுத்த நாள் வேறெங்காவது என்னைத் தனியாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக் கலியாணமும், ஊரில் எடுத்த பெயரும், ஒரு வருடப் பொய்யும் அப்படியே இருந்திருக்கும். அவருக்கு அது தோன்றவில்லை. ஒரு இரவு பொறுக்கவும் முடியவில்லை.

எனக்கோ நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ரகசியம் காக்கச் சொன்னவர் அவர். ஒரு வருடம் அம்மாவிடம்கூட மூச்சு விடாமல் காத்தவள் நான். அவரோ ஊரே கேட்க, கானோடு நின்ற சனம் கேட்க, என் சலத்தைப் பற்றிக் கத்துகிறார்.

விடிய எல்லோரும் வவுனியாவுக்குப் போனோம். டொக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய ஒரு வருட உழைப்பில் குறிஞ்சா இலை உட்பட ஒரு வரிகூடப் பாவிக்க ஏலாது என்றாகியிருந்தது. ஆனாலும் என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், மெதுவாகக் கேள்வி கேட்டு, கறையைப் பற்றிக் கேட்டு, கடைசியில் சிரித்தேவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் பெரிய பிள்ளையாகிவிட்டேனாம். அவ்வளவுதானாம்.

அப்பாவைப் பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். சொந்தச் சலமும், மயங்காமல் ரத்தமும் கொடுத்தார்.

அந்தக் கிழமைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கதை ஊரெல்லாம் பரவியதும், மண்டபத்துக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு புதுப் போத்தல் கேட்டவர்கள் பலர். மாப்பிள்ளையின் தகப்பனும் அதில் ஒருவர். அவர் கொடுத்தது பேரனுடையதாம். அக்காவின் கலியாணம் அதனாலேயே தடையில்லாமல் நடந்தது. டொக்டர் எல்லோரிடமும் முதலிலிருந்து தொடங்கினார், இந்தத் தடவை மண்டபத்துக்குப் பின்னாலேயே கக்கூசு கட்டுவித்து. அப்பாவுக்கு உப்பைக் குறைத்து, குளிசை கொடுத்து, வடிகட்டிய தண்ணீர் குடிக்க வைத்து, பத்து வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். போன வருடத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். ஏழு மாதத்தில் போகவேண்டியவர் என்று ஊர் நினைத்த ஆள்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா என் தலையைச் சேலைத் தலைப்பால் மூடி ஜன்னல் பக்கம் இருத்தினார். இனி ஆம்பிளைகள் என்னைப் பார்க்கக் கூடாது, சடங்கு செய்து தண்ணீர் வார்க்கும் வரை அப்பாவும் பார்க்கக் கூடாது. “நீங்கள் அங்கால போய் இருங்கோ,” என்று அம்மா சொல்லியும் கேளாமல் அப்பா வந்து என் பக்கத்தில் இருந்தார். அம்மா பின் சீற்றுக்குப் போனார். அப்பாவின் மடியில் ஒரு புதுக் கடதாசிக் கோவை இருந்தது. அவருடைய சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன, போனது திரும்பி வராது என்று டொக்டர் அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அவருக்குச் சொல்லியிருந்தார். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது, அவர் ஒன்றும் கேட்காமலே, “பிள்ளைக்கு ஒண்டுமில்லையாம்,” என்றார். கண்டக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்சம் பொறுத்து, முன் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் அதையே சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கியதும் போதாமல், பஸ்ஸிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஊர் வந்து சேரும் வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.