வடிவக்கா சொல்லாமல் விட்டது

வடிவம்மாள் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் அவள் கண்டிப்பைத்தான் எழுதுவார்கள். எழுதியும் இருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பதில் அவள் ஓய்வு பெற்றபோது போட்ட மலரில் பதினோரு பேர் 'கண்டிப்பும் கனிவும்' என்று ஏறக்குறைய ஒரே தலைப்பில் எழுதித் தள்ளியிருந்தார்கள். நர்சிங் பள்ளியில் பத்து வருஷம் ஆசிரியையாக அவளோடு ஒரே அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தவள் நான். அந்தக் கனிவை இவர்கள் எங்கே போய்ப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மேலப்பாளையம் மைதீன் பாத்திமா. வாயை அடக்கத் தெரியாதவள் என்று அந்த நர்சிங் பள்ளியில் எனக்குப் பெயர் உண்டு. அதனால் மலரில் எழுத என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

அக்காவுக்குத் தச்சநல்லூர். பழைய சைவக் குடும்பம். அப்பா ஞானசம்பந்தன் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். அறுபத்தொன்றில் மகள் நர்சுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லையாம். "கண்டவங்க பீ மூத்திரம் அள்ளுத வேலைக்கா ஒன்ன எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வச்சது?" என்று அண்ணன் அருணாசலம் கத்தியிருக்கிறார். அதன்பிறகு பல வருஷம் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கடைசியில் அவர் கைகால் விழுந்து கிடந்தபோது எட்டு மாதம் குளிப்பாட்டித் துடைத்துவிட்டதும் அவள்தான். இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், பேச்சே நின்றுவிட்டது.

பள்ளி பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. பெயர் வேண்டாம். பள்ளிக்குப் பொறுப்பு அக்காதான். காலை ஏழு மணி டியூட்டிக்கு அக்கா ஆறே முக்காலுக்கே வார்டில் நிற்பாள். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு கோணலாக இருந்தால் மொத்த விரிப்பையும் உருவிப் போடுவாள். தெர்மாமீட்டரை உதறத் தெரியாத பிள்ளை அன்று முழுவதும் உதறிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் அவளைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். என்னிடம் வந்து அழுவார்கள். நான் அக்காவிடம் போய்ச் சண்டை போடுவேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா?" என்பாள். எனக்கு இன்னும் கோபம் வரும்.

நாங்கள் அதிகம் சண்டை போட்டது ஒரே ஒரு வழக்கத்துக்காக. நோயாளி இறந்துவிட்டால், உறவினர் கையில் ஒப்படைக்கும் முன் உடலைச் சுத்தம் செய்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணி சுற்ற வேண்டும். நர்சுகளின் வேலை அது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் முதல் உடலுக்குத் தனியாகப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். திரையை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். "பயம் தெளியணும்னா தனியாத்தான் போகணும். நானும் அப்படித்தான் போனேன்" என்பாள் அக்கா.

எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் உடலைக் குளிப்பாட்ட நாலைந்து பெண்கள் சேர்ந்துதான் போவார்கள். என் உம்மாவும் போவாள். ஒருத்தியை மட்டும் மய்யித்தோடு விட்டுவிட்டு வரமாட்டார்கள். இதை நான் சொன்னபோது, "அது வீடு. இது வார்டு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம், தொண்ணூற்று மூன்று ஆகஸ்ட். பெண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் கோமு என்று ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். இருதய வால்வு கெட்டுப்போய் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். முதல் வருஷப் பிள்ளை ஜெபக்கனிதான் அவளுக்குப் பத்து நாளாக உடம்பு துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி உடன்குடிக்காரி. அப்பா இஸ்ரவேல் பனையேறி. மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் கருப்பட்டி கொண்டுவருவார். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கோமு போய்விட்டாள். ஒரு இளம் டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், எழுதினார், அடுத்த வார்டுக்கு ஓடினார். அக்கா பட்டியலைப் பார்த்தாள். "ஜெபக்கனி இன்னும் ஒண்ணுகூடப் பண்ணலியே. அவளே பண்ணட்டும்" என்றாள். அந்தப் பிள்ளைக்குக் கோமு பழகியவள் என்று நான் சொன்னேன். "பழகினவங்கன்னா இன்னும் நல்லாச் செய்வா" என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து ஜெபக்கனி வெளியே வந்தாள். அக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. முடிச்சுகள்கூட வரிசையாக இருந்தன. "சுத்தமாச் செஞ்சிருக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அதன்பிறகு அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. மெஸ்ஸில் தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு மாதத்தில் யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்கியது. கையைக் கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வார்டில் தூங்குகிற நோயாளிகளின் நாடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் நிற்பாள். வீட்டு நினைப்பு என்றார் வார்டன். காதல் என்றார்கள் கூடப் படிக்கிறவர்கள். வேலைக்கு மலைப்பு என்றாள் அக்கா. நான் கூப்பிட்டு விசாரித்தேன். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். அதற்கு மேல் நான் தோண்டவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

அக்டோபரில் அதே வார்டில் இன்னொரு சாவு. சிஸ்டர் ஒருத்தி உடலை மூட வந்தபோது ஜெபக்கனி கட்டிலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இறந்தவளின் மணிக்கட்டை விடவே இல்லை. "கொஞ்ச நேரம் பொறுங்க சிஸ்டர். இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே நின்ற உறவினர் காதில் அது விழுந்தது. "உசுரு இருக்குன்னு நர்சுப்பிள்ள சொல்லுது!" என்று கூட்டமாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். டாக்டரின் சட்டையைப் பிடித்தார்கள். சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்ட் ஒரே நாளில் முடிவெடுத்துவிட்டார். பயிற்சிக்குத் தகுதியில்லை, வீட்டுக்கு அனுப்பு. இஸ்ரவேலுக்குத் தந்தி போனது. திங்கட்கிழமை காலை அந்த மனுஷர் மகளின் டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றும் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். அக்காவின் மேஜையில் தாள் தயாராக இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் ஜெபக்கனியின் படிப்பு முடிந்தது. அந்தக் குடும்பத்தில் பனையை விட்டு இறங்கிப் படித்த முதல் பிள்ளை அவள்.

அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்துவிட்டு, எதிரே இருந்த ஜெபக்கனியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு ஏன் மூடவிடல?"

ஜெபக்கனி வெடித்த விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீ கோமுவுக்கு எல்லாம் ஒழுங்காச் செஞ்சவதான? அப்புறம் என்ன வந்துச்சு ஒனக்கு?"

கோமு என்ற பெயரைக் கேட்டதும் அந்தப் பிள்ளை உடைந்துவிட்டது. "அந்தக்கா சாகல மிஸ்" என்றாள். "மூக்குல பஞ்சு வச்சாச்சு. தாடையும் கட்டியாச்சு. முதுகு தொடைக்கணும்னு திருப்புனேன். அந்தக்கா மொனங்குனாங்க மிஸ். ம்ம்னு கேட்டுச்சு. முடிக்காம வெளிய வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. எனக்குக் காலே எழும்பல. பஞ்சை எடுக்கவும் இல்ல. அப்படியே துணியச் சுத்திட்டேன். நாந்தான் மிஸ் கொன்னுட்டேன்."

இறந்த உடம்பைத் திருப்பும்போது உள்ளே தங்கியிருக்கும் காற்று தொண்டை வழியாக வெளியே வரும். முனகல் மாதிரியே கேட்கும். அனுபவப்பட்ட நர்சு ஒவ்வொருத்திக்கும் இது தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் கிடையாது. எனக்கு எட்டு வயதிலேயே உம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்து, நான் ஒரு வகுப்பிலும் அதைச் சொன்னதில்லை.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜெபக்கனிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு பிள்ளைக்குச் சமமாக உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அது காத்துட்டி. நெஞ்சுக்குள்ள கெடந்த காத்து. திருப்பினா வெளிய வரும். உசுரு இல்ல" என்றாள். பைய, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "எனக்கும் கேட்டுச்சு. அறுபத்திரெண்டுல, என்னோட மொதல் உடம்பு. ஒன்றரை வருஷம் நானும் ஒன்ன மாதிரிதான் நெனச்சிட்டு இருந்தேன். பெறகு ஒரு டாக்டரம்மா வேற எதையோ சொல்லும்போது தெரிஞ்சுக்கிட்டேன்."

ஜெபக்கனி அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும்லா மிஸ். பெறகு ஏன் எங்ககிட்ட சொல்லல?"

அக்கா எழுந்து மேஜைக்குத் திரும்பினாள்.

அந்தத் தாளில் அவள் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு தாள் எடுத்து, 'மாணவிக்குக் கற்பிக்க வேண்டியதை நான் கற்பிக்கவில்லை, நடந்த குழப்பத்துக்கு நானே பொறுப்பு' என்று எழுதி சூப்பிரண்டென்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு மெமோ வந்தது. ஜெபக்கனிக்கு ஒரு மாதம் லீவு கிடைத்தது. வாசலுக்குப் போய் இஸ்ரவேலிடம், "ஒங்க பிள்ள மேல ஒரு தப்பும் இல்லய்யா. சாப்பாடு குடுத்துத் தேத்திக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஜெபக்கனி திரும்பி வந்தாள், படித்து முடித்தாள்.

பழைய வழக்கம் அன்றோடு போயிற்று. அந்தச் சத்தத்தைப் பற்றி அக்கா வகுப்பில் முதல் பாடமாகச் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையின் முதல் உடலுக்கும் அவளோ நானோ கூடவே போனோம். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவாமலே அக்கா கேட்டாள்: "பாத்திமா, எங்கிட்டப் படிச்சதுல பாதியில ஓடிப்போன பிள்ளைங்க உண்டும்லா?"

உண்டு. நான் வருவதற்கு முன்னால் போனவர்களையும் சேர்த்தால் ஏழெட்டுப் பேர். பயந்தாங்கொள்ளிகள் என்று அவளே அவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பழைய சேர்க்கைப் புத்தகத்தை எடுத்து முகவரிகளைத் தேடினோம். ஒவ்வொருவருக்கும் இன்லண்டு லெட்டர் எழுதினாள். 'நீ போனதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. இதுவாக இருந்தால் தெரிந்துகொள்' என்று தொடங்கி, காற்றைப் பற்றி நாலு வரி. நான்தான் முகவரி எழுதினேன். இதெல்லாம் வேண்டாத வேலை, ஆறிப்போன புண்ணை ஏன் கிண்ட வேண்டும் என்று சண்டையும் போட்டேன்.

மூன்று கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஒருத்தி கல்யாணத்துக்காகத்தான் நின்றேன் என்று பதில் எழுதினாள். ஜனவரியில் முக்கூடலிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'வர முடியுமா மிஸ்' என்று மட்டும் இருந்தது. கீழே பேச்சித்தாய் என்று பெயர். எழுபத்தெட்டில் எட்டு மாதம் படித்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போனவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் முக்கூடல் பஸ் ஏறினோம். தெருவில் கேட்டுக் கேட்டுப் போனோம். ஓட்டு வீடு. பேச்சித்தாய் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தலையில் நரை ஓடியிருந்தது. நிற்கிற விதம் மட்டும் இன்னும் வார்டில் நிற்கிற பிள்ளை மாதிரியே இருந்தது.

உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "மிஸ், லெட்டர்ல எழுதியிருந்தது உறுதியா?" என்றாள்.

"உறுதி" என்றாள் அக்கா.

"திருப்பும்போதுதான் கேட்டுச்சு. பஞ்சு வச்ச பெறகு."

"ஆமாட்டி. அப்பதான் வரும். அந்தம்மா ஒங்கைக்கு வாரதுக்கு முன்னமே செத்துப்போயாச்சு. நீ ஒண்ணும் பண்ணல. சொல்லாம ஒன்ன அனுப்புனது நான். தப்பு என்னோடது."

பேச்சித்தாய் தூணைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் தேடி வரும் என்று நினைத்துத்தான் அன்று ஓடினாளாம். மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களே என்ற பயம். அந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இதைச் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அக்காவின் கையைப் பிடித்தபடியே நின்றாள். அக்கா அழுதாள். நான் முன்னும் பின்னும் அவள் அழுது பார்த்ததில்லை.

பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டின் பின்பக்கம் திரும்பி, "ஏங்க, இங்கன வாங்க. எங்க மிஸ் வந்திருக்காங்க" என்று கூப்பிட்டாள். லுங்கியில் கையைத் துடைத்தபடி ஒருவர் வந்து நின்றார். எங்களை அவருக்குத் தெரியவில்லை.

"மிஸ்" என்றாள் பேச்சித்தாய். "இவங்ககிட்டயும் ஒரு தடவ சொல்லிருங்க. நான் கொல்லலன்னு."