பாயம்மாவின் ஆறு வரி மனு

இங்கிலீஷ் காகிதம் என்றாலே ஒன்பது வருஷமாகக் கதிரேசனுக்கு வயிறு எரியும். அடையாற்றங்கரையில் வீடுகளை இடிக்க வந்த அன்று எவனோ ஒருத்தன் ஒரு தாளை நீட்டி, “எல்லாருக்கும் ஒண்ணுதான், போடுபா கையெழுத்த” என்றான். போட்டான். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் ஊருக்கு வெளியே மாற்று வீடு கிடைத்தது, இவனுக்கு இல்லை. தானே விரும்பிக் காலி செய்வதாகவும், வேறு வீடு வேண்டாமென்றும் அந்தத் தாளில் இருந்ததாம். அன்றிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் வேலை, பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடித்தனம்.

இப்போது, மாற்று வீடு கிடைக்காமல் விட்டுப்போனவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மனுக் கொடுக்கலாம், இதுதான் கடைசி என்றார்கள். விசாரிக்கும் அதிகாரி வடநாட்டுக்காரர். இங்கிலீஷில் இருந்தால் தானே படிப்பாராம். வேறு வழியில்லாமல் மந்தைவெளி ஜெராக்ஸ் கடையில் மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும், எல்லாரும் பாயம்மா என்று கூப்பிடும் நஸ்ருன்னிசாவிடம் போனான்.

அந்தம்மா தோல் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். முதலாளி அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் சொல்வாராம். இவர் அதை நாலாக நறுக்கி அடித்துவிடுவார். முதலாளி குதிப்பார். வெளிநாட்டிலிருந்து பதில் சீக்கிரம் வர ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார். வேலையை விட்டு வரும்போது அந்தம்மா கையோடு கொண்டுவந்தது அட்டை போன அகராதி ஒன்றுதான்.

அவன் கொண்டுபோன பழைய தாளின் நகலில் ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். “வாலண்டரி. லத்தீன்லருந்து வந்தது. மூலத்துல மனசு, இஷ்டம்னு அர்த்தம். அன்னிக்கு உனக்கு இஷ்டம் இருந்துச்சா?”

“எங்க பாயம்மா? வாசல்ல புல்டோசர் நின்னுகினு இருந்துச்சு. காலி பண்ணு, காலி பண்ணுன்னு கத்திக்கினு இருந்தானுங்க.”

“அந்தக் காலிகூட எங்க வூட்டு வார்த்தைதான்பா, அரபியிலருந்து உருதுக்கு வந்து உங்ககிட்ட வந்துச்சு. சரி, நீ சொன்னதையே எழுதுவோம்.”

எழுதினார். என் வீட்டு வாசலில் புல்டோசர் நின்றது. காகிதத்தை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். இப்படி மொத்தமே ஆறு வரி. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

“நான் இன்னா ஸ்கூல் பையனா?”

“ஆபீசர் கேட்டா நானா வந்து சொல்லுவேன்? சொல்லுபா.”

கதிரேசனுக்குச் சுருக்கென்றது. ஆறு வரிக்கு எந்த அதிகாரி இரங்குவான்? இவ்வளவு அகராதி தெரிந்தவர் இவ்வளவு குறைத்து எழுதினால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஆபீஸ்காரர்களோடு கூட்டோ? ஒரு தடவை ஏமாந்தது போதாதா?

வீட்டுக்குப் போகாமல், மனு வாங்கும் ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கும் சேட்டுவிடம் போய் நின்றான். சேட்டு ஆறு வரியைப் பார்த்துச் சிரித்தான். “இது மனுவா நைனா, மளிகை லிஸ்ட்டா?” தடதடவென்று மூன்று பக்கம் அடித்துக் கொடுத்தான். கனமாக இருந்தது. கதிரேசனுக்கு முதலில் திருப்திதான். பிறகு சந்தேகம் இந்தப் பக்கமும் திரும்பியது.

“ரெண்டாவது வரி இன்னா சொல்லுது?”

“அது அப்டித்தான் எழுதணும்.”

“சரி, அர்த்தம்?”

“ஆபீசருக்குப் புரியும், வுடு.”

மூன்றாம் முறை கேட்டபோது சேட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை கதிரேசன் ஆறு வரியையே நீட்டினான். அதிகாரி நின்ற இடத்திலேயே படித்து முடித்து, குமாஸ்தா மூலமாக ஒன்றே ஒன்று கேட்டார்: படித்துக் காட்டவில்லை என்பதற்குச் சாட்சி யார்? தன் மனுவில் என்ன இருக்கிறதென்று கதிரேசனுக்குத் தெரிந்திருந்தது. திணறவில்லை. “என் பொண்டாட்டி ரத்னா. வெளியத்தான் கீது சார்.” ரத்னாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

சேதி சொல்லப் போனவனைப் பாயம்மா ஏற இறங்கப் பார்த்தார். “சேட்டு எத்தினி பக்கம் அடிச்சான்?”

கதிரேசனுக்கு முகம் செத்துவிட்டது. மூன்று பக்கமும் மடித்தபடி சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. திட்டுவார் என்று நினைத்தான். அந்தம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அடுத்த மாதம் கொட்டிவாக்கத்தில் மகள் நாஸியா வீட்டில் மாரடைப்பு வந்து அந்தம்மா போய்விட்டார். நேற்றுத்தான் ஆபீசிலிருந்து தபால் வந்தது. உள்ளே இரண்டு பக்கம் இங்கிலீஷ். நடுவில் பிளாக் நம்பர், வீட்டு நம்பர். கீழே கையெழுத்துப் போட இடம். ரத்னா பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கதிரேசன் வாங்கவில்லை. அன்று அந்த நாற்காலியில் உட்கார வைத்து அந்தம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்:

“ஆர்டர் வந்தா என்கிட்ட மட்டும் காட்டாத. ஒருத்தர ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா படிக்கச் சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணே சொன்னாத்தான் கையெழுத்து.”